கூச்சக்கார மீனுக்குக் காவல்

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் என் பல்செட் இந்த நிமிஷமே கழன்று விழட்டும்.

என் மாப்பிள்ளை ஆற்றோரத்து மீன் காப்பகத்தில் வேலை பார்க்கிறார். அங்கே இருப்பது ஒரே இனம்தான். விரல்நகம் அளவு உடம்பு, வயிற்றோரம் சிவப்புக் கோடு. மணலை அள்ளி, சாயத்தண்ணீரை விட்டு ஆற்றை ஒரு வழி பண்ணியதில் மிஞ்சியவை இந்தத் தொட்டிக்குள் வந்து சேர்ந்தன. பெருகினால் திரும்ப ஆற்றில் விடுவார்கள். ஆனால் மகா கூச்ச சுபாவம். யாராவது தும்மினால் மயங்கிச் சாய்ந்துவிடும்; தெளிகிற வரை எல்லோரும் வேறு பக்கம் பார்த்து நிற்க வேண்டும். கூட்டம் இருந்தால்தான் தைரியம் வந்து முட்டையிடும்.

காப்பகத்துக்குப் பொறுப்பு ஒரு டாக்டரம்மா. ஊசி போடுகிற டாக்டர் இல்லை, மீன் படித்த டாக்டர். வெளியூர் போய்த் திரும்பியவர் தொட்டியைப் பார்த்தார்; மீன் இரண்டு மடங்கு. பூரித்துப்போய் மேலிடத்துக்கும் சொல்லிவிட்டார். அப்புறம்தான் மீன் குறைய ஆரம்பித்தது. செத்து மிதக்கவில்லை. சும்மா காணாமல் போயிற்று.

சாவி மாப்பிள்ளையிடம். அலங்கார மீன் கடைகளில் அபூர்வ மீனுக்கு ஏக கிராக்கி. போதாதா? வாட்ச்மேன் அவர் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்தார். வீட்டில் என் மகள் அவர் சட்டையை மோந்து பார்த்தாள். எனக்கோ அவர் காலில் இருந்த புதுச் செருப்பு உறுத்தியது.

"மாமா, நீங்களுமா?" என்றார்.

"நான் செருப்பைத்தான் பாத்தேன், மாப்ள."

திருடன் அகப்படாவிட்டால் அவருக்கு வேலை இல்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். காவலுக்கு என்னையே உட்கார வைத்தார். மாப்பிள்ளையைச் சந்தேகப்பட மாமனாரைவிடத் தகுதியான ஆள் உண்டா?

தொட்டிக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மோட்டார் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை குழாயைக் கழுவினார். நான் அவர் கையைப் பார்த்தேன். அவர் பாக்கெட்டில் கை விட்டார்; நான் எழுந்து நின்றேன். கைக்குட்டைதான் வந்தது. மீன்களும் என்னை நம்பவில்லை. ஒன்று இலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தது, இன்னொன்றைப் போய்க் கூட்டிவந்து காட்டியது. என் தும்மலை அடக்கி அடக்கிக் காது அடைத்துவிட்டது.

அப்போதுதான் தொட்டிக்குள்ளே ஆளைப் பார்த்தேன். பாசிக்கு நடுவில் வழுக்கைத் தலையன் ஒருவன், கள்ளப் பார்வை. இவன்தான் திருடன் என்று அடித்துச் சொல்லியிருப்பேன். நான் மூக்கைச் சொறிந்தேன், அவனும் சொறிந்தான்.

மாப்பிள்ளை கரண்டியைத் தொட்டிக்குள் விட்டுப் பின்பக்கத்துப் பாசியைச் சுரண்டினார். சுரண்டச் சுரண்ட, காணாமல் போன மீன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அங்கே பாசி மூடிப்போன முகம் பார்க்கிற கண்ணாடி இருந்தது. கூட்டம் இருப்பதாக மீன் நம்பட்டும் என்று டாக்டரம்மா ஊரில் இல்லாத நாளில் மாப்பிள்ளையே வைத்தது. மீன் நம்பியதோ என்னமோ, டாக்டரம்மா நம்பிவிட்டார். வைத்தவரும் மறந்துபோய் மீன் பெருகிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார்.

டாக்டரம்மா வந்தார். கண்ணாடியை வெளியே எடுத்துச் சுவரில் சாய்த்தார். தொட்டி பாதியாயிற்று. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப ஒரு முட்டைகூடப் பொரிக்கல," என்றார்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க திருடல. அது போதும், நாளைக்கு வேலைக்கு வாங்க. ஆத்துல விடத்தான் இப்ப என்கிட்ட ஒண்ணும் இல்ல."

இப்படியாக என் மகளின் குடும்பம் பிழைத்தது. சட்டையை மோந்ததற்கு அவள் மன்னிப்புக் கேட்டாள். நானும் செருப்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவைத்தேன்.

பல்செட் லேசாக ஆடுகிறது, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: வெளியாட்களை அனுமதிக்காத அந்த அறைக்குள் நான் ஒருநாளும் போனதில்லை. இத்தனையையும் எனக்குச் சொன்னவர் மாப்பிள்ளைதான்.