நூற்றொன்றால் வகுபடும்

"பத்து லட்சத்து ஒன்று ஒரு பகா எண்" என்று கணக்குப் புத்தகத்தின் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அச்சாகியிருந்தது. அதை 101 மீதியில்லாமல் வகுக்கிறது என்று ஒரு பள்ளி ஆசிரியை காலையிலேயே பதிப்பகத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டார்.

பதிப்பாளர் புத்தகத்தை மெய்ப்பு பார்க்கிறவளின் மேசையில் பொத்தென்று போட்டார். "பிழை பாக்கத்தானேம்மா உன்னை வெச்சிருக்கேன்? கண்ணு எங்க இருந்துச்சு? நாளையிலேருந்து வேற ஆளப் பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டு, அந்த வேற ஆளுக்குப் போன் போட உள்ளே போனார்.

எதிர் மேசையில் அவள் கணவன். புத்தகத்தை எழுதியவன். சீவிய பென்சிலையே மறுபடி சீவிக்கொண்டிருந்தான்.

அவள் அவனை முறைத்தாள். அச்சுக்கு முன் திருத்தத் தந்த மெய்ப்புத் தாளில் அந்த வரிக்குப் பக்கத்தில் "தவறு. 101 × 9901" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தாள். அதன்மேல் பச்சை மையில் கோடு போட்டு அடித்தவன் அவன். "நீ கமா, புள்ளியைப் பாத்தா போதும் தாயே" என்று சிரிப்பு வேறு.

"எப்படிங்க பகா எண்ணுன்னு முடிவு பண்ணீங்க?"

"எல்லா பகா எண்ணாலயும் வகுத்துப் பாத்தேன். மீதி வந்துச்சு."

"எல்லாத்தாலயும்னா?"

அவன் கண் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணைக்குப் போனது. நூறு வரைக்குமான பகா எண்கள். கடைசி எண் 97.

"அட்டவணை முடிஞ்சா எண்ணும் முடிஞ்சுதா? ஆயிரத்தை ஆயிரத்தால பெருக்கினாத்தானே பத்து லட்சம், அந்த ஆயிரம் வரைக்கும் பாத்திருக்கணும். அடுத்த பகா எண்ணே நூத்தொண்ணுதான். ஒரு படி ஏற முடியல உங்களால!"

"வீட்டுல பேசிக்கலாம்மா..."

"நான் எழுதினதை அடிச்சுக் கோடு போட்டது இங்க. இங்கயே பேசுங்க. அந்தத் தாள் அலமாரியிலதான் இருக்கு. நான் எடுக்கமாட்டேன். வேலை போனாலும் எடுக்கமாட்டேன்."

அவன் பென்சிலைக் கீழே வைத்தான். எழுந்துபோய் அலமாரியிலிருந்து அந்த மெய்ப்புத் தாளை எடுத்துக்கொண்டு பதிப்பாளரின் அறைக்குள் போனான். கதவைச் சாத்தவில்லை.

"சார், போனை வைங்க. தப்பு என்னோடது. அவ எழுதினதை நான்தான் அடிச்சேன்."

பதிப்பாளர் வெளியே வந்து தலையைச் சொறிந்தார். "முன்னாடியே சொல்றதுக்கென்னம்மா?"

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

மதியம் அவன் ஒரு தாளை அவள் முன் வைத்தான். ஒவ்வொரு புத்தகத்திலும் ஒட்டவேண்டிய திருத்தச் சீட்டு. '10,00,001 = 101 × 9901. இதை மெய்ப்பு பார்த்தவர் முன்பே சுட்டிக்காட்டினார், நூலாசிரியர் கேட்கவில்லை.'

"சரியா இருக்கா?"

"உக்காராதீங்க. நில்லுங்க."

சிவப்புப் பேனாவைத் திறந்து, ஓரத்தில் அந்தப் பெருக்கலை முதலிலிருந்து, இலக்கம் இலக்கமாக, மெதுவாகப் போட ஆரம்பித்தாள்.