வழக்கமான ஓய்வு

முக்காலியில் ஏறி நின்று, கூடத்து மூலையில் இருந்த கேமராவின் திருகை அவன் பாதி கழற்றியிருந்தபோது அக்கா உள்ளே வந்தாள்.

"அதுல கை வைக்காதே. இறங்கு."

"இல்லக்கா, வர்றவங்க எல்லாம் இதையே அண்ணாந்து பார்க்கிறாங்க..."

"பார்க்கட்டும். கம்பெனி ஆள் அஞ்சு மணிக்கு வர்றான். கழட்டி வச்சா, நல்லாத்தான் ஓடிட்டிருந்துச்சு, நீங்கதான் கழட்டிட்டீங்கன்னு சாதிப்பான். அது அங்கேயே இருக்கட்டும்."

அவன் திருகைத் திரும்ப முடுக்கினான். திருப்புளி நழுவிக் கட்டிலின் விளிம்பில் பட்டுத் தரையில் விழுந்தது. கட்டிலில் அப்பா கிடந்தார்.

முப்பத்திரண்டு வருடம் லாரி ஓட்டி முதுகைத் தேய்த்துக்கொண்டவர், வேலையை விட்ட நாளிலிருந்து கட்டிலில் படுத்ததே இல்லை. "தரைதான் என் டாக்டர். ஃபீஸும் கிடையாது" என்பார். துவைத்த துணிகளைக் குவிக்கத்தான் அந்தக் கட்டில். இன்று துணிகளை அள்ளி ஓரமாகப் போட்டுவிட்டு அவரைக் கிடத்தியிருந்தார்கள். உயிரோடு இருந்திருந்தால் தெருவே கேட்கும்படி கத்தியிருப்பார். அந்தக் குரலுக்காகத்தான் தெருவில் அவருக்கு 'ஹாரன்' என்று பெயர்.

அவன் முக்காலியை உள்ளே கொண்டுபோய் வைத்தான். பிறகு வெளியே கொண்டுவந்து வைத்தான். வாசலில் போட்டிருந்த நாற்காலிகளை எண்ணினான், எண்ணியது மறந்துபோய் மறுபடி எண்ணினான். மணி ஒன்பதரை. ஐந்து மணி வரை என்ன செய்வது என்று தெரியவில்லை.

நேற்று ஆஸ்பத்திரி நடைபாதையில், பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்த அக்கா முதலில் கேட்டது அதைத்தான். "கேமரா இருந்துச்சே, அது என்ன பண்ணிச்சு?" அவன் யோசிக்கவே இல்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. "நெட் இல்ல போலக்கா. வேலை செய்யலை." அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாளில் ஒரு வரி விட்டுப்போனால்கூடக் கண்டுபிடிப்பவள். தம்பி சொன்னதை மட்டும் அப்படியே நம்பினாள்.

கேமரா வாங்கும் யோசனை அவனுடையது. வீட்டில் அவனும் அப்பாவும் மட்டும்தான். காலை எட்டரைக்கு மருந்துக்கடைக்குப் போனால் ராத்திரி ஒன்பதுக்குத்தான் வருவான். பொருத்த வந்த ஆள் சொன்னான்: "இது வெறும் கேமரா இல்ல சார், ஏஐ. பெரியவர் கீழே விழுந்தா உடனே உங்க போன்ல அடிக்கும். ஒரு நிமிஷத்துல நீங்க எதையும் அமுக்கலைன்னா உங்க அக்கா போனுக்குப் போயிடும். வீட்டுல ஒவ்வொரு ஆளையும் முகம் பார்த்துத் தனித்தனியா தெரிஞ்சு வச்சுக்கும். பழகப் பழக உங்ககிட்டேயிருந்தே கத்துக்கும்."

முதல் நாளே ஆறு முறை அடித்தது. ஆறு முறையும் அப்பா முதுகை நீட்டத் தரையில் படுத்ததுதான். திரையில் இரண்டு பொத்தான் வரும்: 'உதவி வேண்டும்', 'பிரச்சினை இல்லை'. அவன் 'பிரச்சினை இல்லை'யை அமுக்குவான். அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். படுப்பதற்கு முன் கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்குவார், எதிரில் வரும் லாரிக்காரனுக்குக் காட்டுவதுபோல. மகன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அவன் ஆரம்பத்தில் பார்த்தான். பிறகு பார்க்காமலே அமுக்கினான். இருமலுக்கு மருந்து எடுக்கும்போது, சீட்டில் டாக்டரின் கையெழுத்தைப் படிக்கும்போது, மீதிச் சில்லறை கொடுக்கும்போது. கட்டைவிரலுக்கு அந்த இடம் பழகிவிட்டது. எட்டு மாதத்தில் ஒரு முறைகூட அக்காவின் போனுக்குப் போகவில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

போன மாதம் கடையில் கூட்டம் நெரிந்த ஒரு சாயங்காலம் போனில் ஒரு கேள்வி வந்தது. 'இவர் தரையில் படுப்பது வழக்கம் என்று தெரிந்துகொண்டேன். இனி இவருக்கு எச்சரிக்கை வேண்டாமா?' ஒரு கையில் மாத்திரை அட்டை, மறு கையில் போன். 'வேண்டாம்' என்று அமுக்கினான். அன்றிலிருந்து போன் சத்தமில்லாமல் கிடந்தது. நிம்மதியாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது, ரொம்பவே நிம்மதியாக இருந்தது.

மாடியில் குடியிருக்கும் தையற்காரம்மா அப்பாவின் கால்மாட்டில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நேற்று மத்தியானம் ஒன்றேகாலுக்கு, கூடத்தில் விழுந்துகிடந்த அவரைப் பார்த்தது அவள்தான்.

"ரேடியோ பாடிட்டே இருந்துச்சும்மா. ஹாரன் அண்ணன் கேட்டுட்டிருக்காருன்னு நினைச்சு நான் என் மெஷினை ஓட்டிட்டிருந்தேன். ஒரு குரல் கொடுத்திருந்தா எனக்குக் கேட்டிருக்கும். அவர் தொண்டைக்கு மாடி என்ன தூரமா? ஏன் கூப்பிடலைன்னுதான் தெரியலை. நான்தான் ஒரு எட்டு இறங்கி வந்து பார்த்திருக்கணும்."

"உங்க மேல என்ன தப்பு?" என்றாள் அக்கா. "மூணு மணி நேரம் கிடந்திருக்கார். 'கொஞ்சம் முன்னாடி கொண்டுவந்திருந்தா...'ன்னு டாக்டர் ஆரம்பிச்சார், அப்புறம் முடிக்கலை. இதை நம்பித்தானே விட்டோம்! அந்தக் கம்பெனியை நான் சும்மா விட மாட்டேன். நீ என்னடா ஒண்ணும் பேசாம நிக்கிறே?"

"தண்ணி... தண்ணி கேன் வந்திருச்சான்னு பார்க்கிறேன்" என்று அவன் வெளியே போனான்.

அவர் ஏன் கூப்பிடவில்லை என்று அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலேயே போனில் அந்தப் பதிவைத் திறந்திருந்தான். காலை பத்து மணி பன்னிரண்டு நிமிஷத்துக்கு அப்பா அடுப்படியிலிருந்து டம்ளரோடு வருகிறார், கதவைப் பிடிக்கப் பார்க்கிறார், சரிகிறார். படுத்தது இல்லை, விழுந்தது. கண் இருக்கிற யாருக்கும் தெரியும். விழுந்த இடத்திலிருந்து கேமராவைப் பார்த்துக் கையைத் தூக்குகிறார். தூக்கிய கையை இறக்காமல் வைத்திருக்கிறார். நாற்பது நொடிக்கு மேல் அவனால் பார்க்க முடியவில்லை. பதிவுக்குக் கீழே இரண்டே வார்த்தை எழுதியிருந்தது: 'வழக்கமான ஓய்வு.'

குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மறுபடி அதே பதிவைத் திறந்தான். 'இந்தப் பதிவை அழிக்கவா?' ஒரு முறை அமுக்கினால் போதும். கம்பெனி ஆள் வந்தாலும் ஒன்றும் இருக்காது. தையற்காரம்மா ஆயுள் முழுக்கத் தன்னையே நொந்துகொள்வாள். அக்கா கம்பெனியோடு மல்லுக்கட்டுவாள். அவன் கட்டைவிரல் அந்த இடத்துக்குமேல் நின்றது. எட்டு மாதம் யோசிக்காமல் அமுக்கிய விரல் இன்று இறங்க மாட்டேன் என்றது.

"டேய், வண்டி வந்திருச்சு" என்று அக்கா கதவைத் தட்டினாள்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது மூன்றரை. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அவன் நாற்காலிகளை அடுக்கினான். அடுக்கியதைத் துடைத்தான். மூன்று முறை அக்காவின் அருகில் போனான். முதல் முறை அவள் போனில் யாருக்கோ நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டாவது முறை, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள், அவன் தலையாட்டிவிட்டு நகர்ந்தான். மூன்றாவது முறை அவள் வாசற்படியில் ஒரு நோட்டில் கம்பெனி ஆளிடம் கேட்க வேண்டியவற்றை ஒன்று, இரண்டு என்று நம்பர் போட்டு எழுதிக்கொண்டிருந்தாள். தலைநிமிராமல், "நெட் எத்தனை மணிக்குப் போச்சு, ஞாபகம் இருக்கா?" என்றாள். அவன் திரும்பிவிட்டான்.

கூடம் காலியாக இருந்தது. கட்டிலில் மறுபடியும் துணிக்குவியல். முந்தின ராத்திரி முழுக்கக் கண்ணை மூடவில்லை. போனை அடுப்படியில் சார்ஜில் போட்டுவிட்டு வந்து, அப்பா படுக்கும் இடத்தில் சரிந்து படுத்தான். தரை சில்லென்று இருந்தது. அவர் சொன்னது சரிதான், முதுகுக்கு இதமாக இருந்தது. அதை நினைத்ததும் அழுகை வந்தது. குப்புறத் திரும்பி முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டான்.

அடுப்படியில் போன் அடித்தது. யாரோ துக்கம் விசாரிக்கிறார்கள் என்று விட்டுவிட்டான். அது அடித்து ஓய்ந்தது. அடுத்து வாசலில் அக்காவின் போன் அடித்தது. அவன் இதுவரை அவள் போனில் கேட்டிராத சத்தம், ஆனால் அவனுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

அக்கா ஓடிவந்தாள். நோட்டு கையிலிருந்து விழுந்திருந்தது.

"என்னடா, என்ன ஆச்சு? விழுந்துட்டியா?"

"இல்லக்கா. சும்மா படுத்தேன்."

அவள் மூச்சிரைக்கப் போனைப் பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"இது வேலை செய்யுதுடா."

அவன் எழுந்து உட்கார்ந்தான். சத்தம் நிற்கவில்லை.

"உனக்கு அடிக்குது" என்றாள் அக்கா, மெதுவாக, கரும்பலகையில் ஒவ்வொரு வரியாக எழுதுவதுபோல. "அப்பாவுக்கு ஏன் அடிக்கலை?"

"அவருக்கு வேண்டாம்னு நான்தான் அமுக்கினேன்."

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து, சறுக்கி, அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். போன் அவள் மடியில் அடித்துக்கொண்டே இருந்தது. திரையில் இரண்டு பொத்தான்கள் விட்டுவிட்டு மின்னின. அவள் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தாள், எதையும் அமுக்கவில்லை.