சனிக்கிழமை வைரஸ்

“காலயில ஸ்கிரீன் பச்சயா ஈந்திச்சி. இப்ப பாருங்க, சேத்த அள்ளிப் பூசின மாதிரி. இதுக்கா சனிக்கிழம சனிக்கிழம வந்து வைரஸ் எடுக்கிறீங்க?”

மர்சூக்கின் குரல் திகன பஸ் நிறுத்தம் வரை போனது. சப்பாத்துக் கடைக்காரருக்கு அவ்வளவு தொண்டை எதற்கென்று எதிர்க்கடையார் வாசலுக்கே வந்துவிட்டார்கள்.

“சத்தம் போட்டா வைரஸ் போகாது நாநா,” என்றான் கம்பியூட்டர் திருத்துகிற மக்கீன். அவனும் குரலைக் குறைக்கவில்லை. “போன கிழம மட்டும் இருபத்தேழு எடுத்தீக்கிறன். எண்ணித்தான் எடுத்த.”

இரண்டு பேருக்கும் நடுவில், கடையின் பின்மூலைக் கதிரையில், மர்சூக்கின் மனைவி கைரியா அந்த எண்ணிக்கையைக் கேட்டபடி இருந்தாள். இருபத்தேழல்ல, ஒன்றுகூட இருந்திருக்காது. வைரஸ் வந்து குடியிருக்கிற பழைய விண்டோஸையே எட்டு மாதத்துக்கு முன்னர் அவள் துடைத்தெறிந்துவிட்டாள்.

யுத்த காலம். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸுக்குப் படிவம் கொடுக்க வேண்டும். தேயிலைத் தோட்டத்து லயத்துச் சனம், அறை வாடகைக்கு இருக்கும் யாழ்ப்பாணத்தார், எல்லோரும் டைப் அடிக்கக் கைரியாவிடம்தான் வந்தார்கள். வந்தவர்கள் சும்மா வரவில்லை, பென்டிரைவில் வைரஸையும் சேர்த்துக் கொண்டுவந்தார்கள். மாதம் இரண்டு தரம் மெஷின் படுத்தது. இனி ஒரு தரம் பழுதானால் அதை விற்றுவிட்டு அந்த மூலையில் சப்பாத்துப் பெட்டி அடுக்குவேன் என்று மர்சூக் சத்தியமே செய்துவிட்டார். கைரியாவுக்கோ சமையலறைக்கு வெளியே இருந்தது அந்த ஒரு கதிரைதான்.

அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து இலவசமாக அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு அவள் எழுதிப்போட்ட, வைரஸ் அண்டாத லினக்ஸ் சீடி வந்தது. தபால்காரர் அந்த உறையை வெடிகுண்டைப்போல இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தார். வெள்ளிக்கிழமை மர்சூக் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்த் திரும்புவதற்குள் மெஷினுக்கு உயிர் மாற்றியாகிவிட்டது. ஆனால் முகம் மாறினால் மனுசன் கண்டுபிடித்துவிடுவாரே. புதிதாக எதைக் கண்டாலும் பழுது என்று சொல்லுகிற ஆள். அதனால் அதற்குப் பழைய வேஷமே போட்டாள். தேயிலை இல்லாத ஹந்தானை மாதிரி விண்டோஸின் அந்தப் பச்சை மலைப் படம், கீழே நீலப் பட்டி, மூலையில் தன் கையாலேயே கீறிய பச்சைப் பட்டன். மர்சூக்குக்கு ஒன்றும் தெரியவில்லை. “என்ட மெஷின் இப்ப குதிர மாதிரி,” என்று பள்ளிவாசல் படியிலே பெருமை வேறு. புகழெல்லாம் சனிக்கிழமைதோறும் வந்து துடைக்கிற மக்கீனுக்கு.

இன்று படிவம் அடிக்க வந்த யாழ்ப்பாணத்து நவரட்ணராஜா ஐயாவுக்குக் கண் மங்கல் என்று எழுத்தைப் பெரிதாக்கப் போனவள், எல்லாவற்றையும் பழைய நிலைக்குத் திருப்பு என்பதை அமத்திவிட்டாள். வேஷம் கலைந்து, லினக்ஸின் சொந்த மண்ணிறம் வெளியே வந்து நின்றது.

மர்சூக் நான்கு சப்பாத்துப் பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

“தம்பி, நிறத்தில என்ன கிடக்கு?” என்றார் ஓய்வுபெற்ற கிளாக்கரான நவரட்ணராஜா. “படிவத்தில என்ர பேர் ஒழுங்கா விழுந்தால் காணும். நாலு மணிக்குள்ள குடுக்கவேணும்.”

“பத்து நிமிசம் தாங்க,” என்றான் மக்கீன். “இது புதுச் சாதி வைரஸ். பக்கத்துல ஆள் நின்டா ஒளிஞ்சிக்கும்.”

மர்சூக் நம்பி முன்பக்கம் போனார். மக்கீன் கதிரையை இழுத்துப் போட்டான். திரையில் கறுப்புப் பெட்டி ஒன்று திறந்தது. அவன் விரல்கள் பார்க்காமலே ஓடின. கைரியா எட்டிப் பார்த்தாள். விண்டோஸ்காரனுக்கு இந்த லினக்ஸ் கட்டளையெல்லாம் எப்படி? மலை வந்தது. நீலப் பட்டி வந்தது.

“இந்தப் பட்டன் நீங்க கீறினதா தாத்தா?” என்றான் மெதுவாக. அண்ணனை நாநா, அக்காவைத் தாத்தா என்பதுதான் அவர்கள் வழக்கம். “கொஞ்சம் கோணல். மத்தப்படி நல்லம்.”

“எப்ப தெரியும்?”

“மொத சனிக்கிழமயே.”

“அப்ப எட்டு மாசமா என்னத்தத் துடைச்சீங்க?”

மக்கீனுக்குக் காது சிவந்தது. அந்த நேரம் பார்த்து மர்சூக்கின் தங்கை ஜெஸீமா இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். மற்றவர்களுக்குக் கோப்பை, மக்கீனுக்கு மட்டும் பூப்போட்ட கோப்பையும் தட்டும். முந்தானையைச் சரிசெய்ய அவளுக்கு வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. எட்டு மாதமும் அந்தத் தட்டு கைரியாவின் கண் முன்னால்தான் போய்வந்தது.

“நாநா,” என்று முன்பக்கம் பார்த்துச் சொன்னான் மக்கீன். “எடுத்தாச்சு. ஆனா திரும்ப வரும். ஒவ்வொரு கிழமயும் பார்க்கணும்.”

“பார்க்கத்தான் வேணும்,” என்றாள் கைரியா. மர்சூக் வந்து, பச்சை மலையை ஒருதரம் உற்றுப் பார்த்துவிட்டு, பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு போனார். நவரட்ணராஜாவின் படிவம் மூன்றரைக்கே வெளியே வந்தது.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் மக்கீனுக்கும் ஜெஸீமாவுக்கும் நிக்காஹ். அழைப்பிதழ் அடித்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. யாழ்ப்பாணப் பாதை திறந்ததும் நவரட்ணராஜா ஊரோடு போய்விட்டார். புதுச் சோடி தோஹாவுக்குப் பறந்தது. தங்கச்சி போன கவலையைவிட வைரஸ்காரன் போன கவலைதான் மர்சூக்குக்குப் பெரிது என்று தெருவில் பேச்சு.

இப்போது சனிக்கிழமைகளில் கைரியாவே கறுப்புப் பெட்டியைத் திறக்கிறாள். வெள்ளை எழுத்துகள் எறும்புச் சாரையாய் மேலே ஏறிக்கொண்டே இருக்கின்றன. பக்கத்தில் ஆள் நிற்கக்கூடாது என்பதால் மர்சூக் இரண்டடி தள்ளி, அவளுக்கான பூப்போட்ட கோப்பையோடு நிற்கிறார். தேத்தண்ணி அவரே ஊற்றினது. இஞ்சி கொஞ்சம் கூடிவிட்டது.