பத்து அச்சா, பதினாலு அச்சா

அக்கா, மாமா உன்னிடம் சொன்னதில் பாதி உண்மை. ட்ரெய்லரின் எண்ணெய்க் குழாய்களை அறுத்தது நான்தான். என் தாடையை உடைத்தது அவர்தான். பல்லைச் சேர்த்துக் கம்பி கட்டியிருப்பதால் பேச முடியாது. மீதியை வரிசையாக எழுதுகிறேன்.

சரக்கு ஒரு டிரான்ஸ்பார்மர், நூற்றெண்பது டன். எந்தச் சரக்குக்கு ட்ரெய்லரில் எத்தனை சக்கர அச்சு பூட்டுவது என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை. வழியில் ஆற்றுப் பாலம். அச்சுக்குப் பதினெட்டு டன்னுக்கு மேல் கூடாது என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். ட்ரெய்லரின் சொந்த எடை அச்சுக்கு நாலு டன். பத்து அச்சில் ஏற்றினால் ஒன்றின்மேல் இருபத்திரண்டு டன் விழும். பதினாலு பூட்டினால் பதினேழுக்குள் அடங்கும். யார்டில் பத்துதான் இருந்தது. வேறு சரக்கோடு போன மீதி நாலும் திரும்பி வர மூன்று நாள் ஆகும்.

முதலாளி அன்றைக்கே வண்டி கிளம்ப வேண்டும் என்றார். மாமா அவருக்கும் ஒரு படி மேலே போனார்.

"பதினாலு அச்சு நீளத்தக் கடைத்தெரு வளைவுல எப்படிடா திருப்புறது? உன் நோட்டு மாதிரி மடிச்சா? பத்து போதும் மாப்ள. ஓட்டுறது நான்."

"நீங்க ஓட்டுறது பாலத்துக்குத் தெரியாதே மாமா."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து டயரில் மோதினார். "தொடைநடுங்கி! போய் உங்கக்கா மடியில உட்காருடா!"

பாலம் உட்கார்ந்தால் முதலில் ஆற்றுக்குள் போவது இழுக்கிற வண்டியில் இருக்கிறவர்தான், அக்கா. அது அவர்தானே.

மூன்று மணிக்கு ஏற்றுவதாக இருந்தது. ட்ரெய்லரின் தளத்தைத் தாங்குவதே அந்த எண்ணெயின் அழுத்தம்தான்; ஏற்றிய பிறகு அறுத்தால் கீழே ஆள் நசுங்குவான். அதனால் இரண்டரைக்கே ரம்பத்தோடு அடியில் நுழைந்தேன். முதல் குழாய் வெடித்து எண்ணெய் கண்ணில் அடித்தது. தடவித் தடவி ஆறு குழாய் அறுத்தேன். ஏழாவதில் மாமா என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். விலாவில் இரண்டு உதை. நான் வீல் ஸ்பானரால் அவர் முழங்காலில் ஓங்கி அடித்தேன்; அலறிக்கொண்டு சாய்ந்தார். சாய்ந்த வாக்கிலேயே விட்ட குத்தில்தான் தாடை போனது. வாய் நிறைய ரத்தம், எண்ணெய், ஒரு பல்.

அப்போது முதலாளி இரும்புச் சங்கிலியோடு வந்து என் தலைக்கு வீசினார். மாமா குறுக்கே கையை நீட்டினார். சங்கிலி முழங்கையைச் சுற்றித் தோலை உரித்துக்கொண்டு போனது.

"என் பொண்டாட்டி தம்பிய அடிக்க நீ யாருடா?"

அப்புறம் முதலாளியை அவர் அடித்த அடியை எழுத முடியாது. முகத்தைத் தரையில் வைத்துத் தேய்த்தார். நாலு பேர் சேர்ந்து பிரித்தார்கள்.

குழாய் மாற்றி முடிப்பதற்குள் மூன்று நாள் ஓடி, அந்த நாலு அச்சும் வந்து சேர்ந்தன. அந்த வளைவைத் திருப்ப வேறு ஆள் கிடைக்காமல், வீங்கின முகத்தோடு முதலாளியே மாமாவைத் தேடி வந்தாராம். பதினாலில்தான் போனார். பாலத்தைத் தாண்டிவிட்டு நொண்டிக்கொண்டே நேராக இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"பத்துலயே போயிருக்கும்டா, வீணாப்போனவனே."

கட்டிலில் உட்கார்ந்தார். அடுத்த வாரம் பாய்லர் ஒன்று, இருநூற்றிருபது டன்னாம். எத்தனை அச்சு என்று கேட்டார். பத்து விரலையும் விரித்தேன்.

"அப்படி வா வழிக்கு!"

இன்னும் ஆறு விரித்தேன். கட்டிலை எட்டி உதைத்தார். நர்ஸ் வந்து அவரை வெளியே தள்ளினார். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "பதினாறா?" என்று கத்தினார்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.