பயிற்சி மனையின் தலைவர்

இதனுள் ஒரு சொல்லும் பொய்யன்று. பொய்யாயின், எழுதிய இக்கை இனிச் சோற்றுக்கும் வாய்க்கும் நடுவழியிலேயே நின்றுவிடக் கடவது. இவ்வாணையை உள்ளத்தில் முடிந்துகொண்டு, கற்றறிந்த நண்பரே, அத்தெருவைக் காண்பீராக.

காலைக் கதிரவன் ஓட்டுக்கூரைகளின்மேல் உருக்கிய பொன்னை ஊற்ற, ஒருபுறம் ஆண்களின் தொழிற்பள்ளியில் இழைப்புளிகள் சீழ்க்கையடிக்க, மறுபுறம் பெண்களின் மனையியற் பள்ளியில் பானைகள் மறுமொழி பகர, மரத்தூளின் மணமும் வதங்கும் வெங்காய மணமும் பெண்வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும்போல் நடுத்தெருவில் முட்டிக்கொண்டும் தழுவிக்கொண்டும் உலவின.

அடுப்பூதவும் ஒரு பள்ளியா என்று ஊரார் நகைத்த காலம் அது. அந்நகைப்பைக் காதில் வாங்காத தலைமையாசிரியை, பள்ளியின் பின்புறம் மெய்வீட்டை ஒத்த பயிற்சி மனையொன்றை அமைத்து, மாணவியர் முறைவைத்து இல்லம் நடத்தச் செய்தார். இல்லமெனில் தலைவர் வேண்டுமன்றோ? எதிர்ப்பள்ளித் தச்சாசிரியர் நண்பகல்தோறும் வந்து அவ்விருக்கையில் அமர்ந்து, கரிந்ததையும் வேகாததையும் வேறுபாடின்றி உண்டு பாராட்டினார். அவர் வந்தது உணவுக்காக அன்று, எதிரே நின்று பரிமாறும் முறை திருத்தும் தலைமையாசிரியையின் முகத்துக்காக என்பது, அம்முகத்துக்குரியார் நீங்கலாக, அடுப்படிப் பூனைக்கும் தெரியும்.

பள்ளிகளைச் சோதிக்கும் கண்காணிப்பாளர் வரவிருந்த நாளில், தம் உள்ளத்தை உரைத்தே தீர்வதெனத் துணிந்த தச்சர், தாம் செய்த கதவொன்றின்முன் நின்று அவ்வுரையைப் பழகினார். கதவு இசைவு தராமையால் மீண்டும் மீண்டும் வேண்டிப் பொழுதை மறந்தார்.

மனையிலோ இருக்கை வெறுமை. வாயிலிலோ கண்காணிப்பாளரின் வண்டி.

“டீச்சர், தலைவர் இல்லாத வீடுன்னு எழுதிட்டா பள்ளிக்கூடத்தையே மூடிடுவாங்களே!” என்று மாணவியர் கலங்கினர்.

அவருள் ஒருத்தி, சலவை வகுப்பிற் கஞ்சி தோய்ந்து, பலகையினும் விறைத்துத் தானே நின்றுகொண்டிருந்த தச்சருடைய சட்டையையும் காற்சட்டையையும் கண்டாள். நொடியில் அவற்றை மடக்கி அமர்த்தித் தொப்பியும் கவிழ்த்தனர். பார்வை மங்கிய கண்காணிப்பாளர் அதனெதிரே அமர்ந்து, இல்லறப் பொறுப்பினைக் குறித்து உணவு ஆறும்வரை உரையாற்ற, சாளரக் காற்றிற் சட்டை பணிவோடு அசைந்து அசைந்து ஆமோதித்தது.

“என் பேச்சை இவ்வளவு பொறுமையா யாரும் கேட்டதில்லைம்மா, என் வீட்டுல கூட. இனிமே இவரையே வெச்சுக்குங்க,” என்று கண் பனிக்கக் கட்டளையிட்டு அவர் அகன்றார்.

கதவினின்று ஒருவாறு விடுபட்டு ஓடிவந்த தச்சர், வாயிலில் நின்று இதனைக் கேட்டு, ஈரத்தில் வைத்த பலகைபோல் முகங்கோணினார்.

“அது என் சட்டைங்க!”

“தெரியும். உங்களைவிடப் பொறுப்பான சட்டை. நேரத்துக்கு வருது,” என்றார் ஆசிரியை, கொதிக்கும் கலத்தின் மூடியைத் திறந்தவாறே. “நீங்க எல்லாத்தையும் பிரமாதம் பிரமாதம்னு சொல்லி என் பொண்ணுங்க கைப்பக்குவத்தையே கெடுத்துட்டீங்க.”

“சாப்பாட்டை எவன் பாத்தான்?” கதவிடம் பழகிய அணிமொழியெல்லாம் பறந்துபோக, தச்சர் தடுமாறினார். “நான் உங்களைத்தாங்க பாத்துக்கிட்டிருந்தேன்.”

“அப்பாடா, வாயில இருந்த கொழுக்கட்டை இப்பத்தான் எறங்குச்சு,” என்று மாணவி ஒருத்தி முணுமுணுத்தாள்.

அப்போது கலத்தினின்று எழுந்த வெள்ளாவி இருக்கையைச் சூழ, சட்டை முதலிற் கழுத்துத் தளர்ந்து, பின்னர்த் தோள் துவண்டு, குறிப்பறிந்த விருந்தினர்போல் ஓசையின்றி வழுக்கித் தரையில் இறங்கியது.

ஆசிரியை கரண்டியால் இருக்கையைச் சுட்டினார்.

“எடம் காலியாயிடுச்சு. உக்காருங்க,” என்றார். “ஆனா உப்பு கூடினா, கூடிடுச்சுன்னு சொல்லணும்.”

தச்சர் அமர்ந்தார், முதற்கவளத்திலேயே, “கூடிடுச்சுங்க,” என்றார். அவ்வோர் உண்மையால் தொடங்கிய இல்லறம், இருவர் தலையும் பஞ்செனவே வெளுக்கும்வரை இனிது நடந்தது. கஞ்சியாற் பெற்ற விறைப்பு ஆவி படும்வரையே நிற்கும். குழைந்த நெஞ்சமே இருக்கையை நிறைக்கும்.

சோறுண்ண இக்கை வேண்டுமாதலால் ஒன்றுமட்டும் சொல்லவேண்டும்: அப்பள்ளியிற் சலவை வகுப்பு என்றுமே இருந்ததில்லை.