இணைக் காரம்

நானும் முத்துக்குமாரும் ஏனாத்தூரில் ஒரே வகுப்பில் வேதியியல் படித்தோம். எங்களுக்குக் கல்யாணமானதும், எனக்குக் கிடைத்திருந்த ஆராய்ச்சி இடத்தை விட்டுக்கொடுத்தேன். அவர் பிளஸ் டூ ஆசிரியர் ஆனார். அவருடைய விடைத்தாள்களை இப்போது வீட்டில் நான்தான் திருத்துகிறேன். கீழே கையெழுத்து மட்டும் அவருடையது.

இன்றைக்கு வந்த விடைத்தாள் கட்டில் ஒரு கேள்வி. அசிட்டிக் அமிலம் தண்ணீரோடு வினைபுரியும்போது அமிலத்தின் இணைக் காரம் எது? அசிட்டேட் என்று எழுத வேண்டும். பாதிப் பேர் தண்ணீர் என்று எழுதியிருந்தார்கள்.

“பாவம், அரை மார்க் போடட்டுமா?” என்று கேட்டேன்.

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “போடாத குழலி. பக்கத்துல நின்னுக்கினு இருந்தா ஜோடி ஆயிடுமா? அம்புக்குறிக்கு அந்தாண்ட பாக்கணும். இருந்த புரோட்டான குடுத்துட்டு மிச்சம் என்னா நிக்குதோ, அதான் அதோட இணை.”

டிவிக்கு மேலே எங்கள் கல்யாணப் படம். ஏலவார்குழலி என்று அம்மன் பெயர் வைத்த பெண்ணுக்கு ஏகாம்பரநாதர் கோயிலில்தான் தாலி ஏற வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். படத்தில் பட்டுப்புடவை கட்டி நிற்கிறவளுக்கு இணை, பக்கத்தில் மாலையோடு நிற்கிறவர் என்றுதான் நானும் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அவளுடைய இணை, படத்துக்கு எதிரே, சிவப்புப் பேனாவோடு தரையில் உட்கார்ந்திருக்கிறது.

தண்ணீர் என்று எழுதிய எல்லாருக்கும் பூஜ்யம் போட்டேன். என்னையும் சேர்த்து.