காளிச்சாமிக்கு விரித்த வைக்கோல்

1974ஆம் வருஷம் சித்திரையில் முதலமடைக்காரர்கள் காளிச்சாமியை வானத்துக்கு அனுப்பினார்கள். அவர் இன்னும் இறங்கவில்லை. மேற்கிலிருந்து வரும் மேகங்கள் தலைக்கு மேலேயே கடந்துபோக, மாமரங்கள் மூன்றாம் வருஷமாகப் பூவோடு கருகின. மழை எங்கே தடைபடுகிறது என்று யாராவது மேலே போய்ப் பார்த்து வந்தால்தான் ஆகும் என்று ஊர் கூடி முடிவு செய்தது. இருப்பதில் ஒல்லி காளிச்சாமி. நெல் அவிக்கிற அண்டாவில் அவரை உட்காரவைத்து, திருவிழாவில் வெடிக்கிற இரும்புக் கதினாக்களை அடியில் அடுக்கினார்கள்.

ஏற்பாட்டில் யாரும் குறை சொல்ல முடியாது. விழுந்து அடிபட்ட காய் ஒரு ராத்திரி தாங்காது என்று பிறந்தது முதல் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். தோப்பு முழுக்க முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் பரப்பி, மாங்காய் பறிக்கிற வலைகளையெல்லாம் ஒன்றாகத் தைத்து மேலே கட்டினார்கள். எலும்பு வைத்தியர் எண்ணெய் காய்ச்சிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். காளிச்சாமியின் மனைவி மயிலாத்தாள் ஒரு வேளைக் கட்டுச்சோற்றை அவர் மடியில் வைத்துவிட்டு, எல்லாவற்றையும் முன்னின்று நடத்திய குப்பண்ணனிடம் கேட்டாள்: "ஏனுங்ண்ணா, எறங்கலீன்னா என்ன பண்றதுங்க?"

"மேல போனது கீழ வராம எங்க போயிரும் புள்ள?" என்று சிரித்தார் குப்பண்ணன்.

திரி கொளுத்தியதும் அண்டா கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. மறுநாள் சாயங்காலம் காளிச்சாமி தோப்புக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்கே நிதானமாகக் கடந்துபோனார். அதற்கடுத்த நாளும் போனார். ஆரம்பத்தில் குரல் கேட்டது. "மயிலா, வலைய இன்னுங் கொஞ்சம் கெழக்கால இழுத்துக் கட்டச் சொல்லு," என்றார். கட்டினார்கள். பிறகு, "எறங்க வரல மயிலா," என்றார். ஊரிலுள்ள தொரட்டிகளை எல்லாம் ஒன்றோடொன்று கட்டி நீட்டிப் பார்த்தார்கள். ஒரு கை நீளம் எட்டவில்லை. இன்னொன்றைச் சேர்த்தால் பாரம் தாங்காமல் நடுவில் முறிந்தது. வைத்தியர் எண்ணெயை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த பருவத்துக்கு வலைகளையும் பிரித்துக்கொண்டு போனார்கள். குப்பண்ணன் அவள் வீட்டு வழியாக வருவதையே விட்டுவிட்டார்.

1977இல் மழை வந்தது. ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் மாங்கன்று நட்டார்கள். மேகம் மூடியதில் மூன்று மாதம் காளிச்சாமி கண்ணில் படவில்லை. வானம் வெளுத்த அன்று வழக்கமான நேரத்துக்குக் கடந்தார். அண்டாவின் விளிம்புக்கு வெளியே ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் முந்தானையை வீசிக் காட்டினாள். கை அசையவில்லை.

"காளிச்சாமி போயாச்சு, மாட்டப் புடிச்சுக் கட்டுங்க," என்று பக்கத்துத் தோப்பில் யாரோ பொழுது சொன்னார்கள். மயிலாத்தாள் மழையில் மட்கிய வைக்கோலை வாரிக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டு, புது வைக்கோல் கட்டைப் பிரித்து விரிக்க ஆரம்பித்தாள்.